வாயில் வந்த தகடு

மல்லாவியில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் எங்கள் பல் வைத்தியசாலை நடந்த காலம். பொய்ப்பல் திருத்துவது என் வேலை. மின்சாரம் ஏது? பழைய தையல் மெசினின் மிதியோடு சாணைச் சில்லைப் பூட்டி, காலால் மிதித்துத்தான் உலோகம் தேய்ப்பேன்.

அந்த அக்கா முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஷெல் துண்டு பட்டுக் கீழ்ப்பற்கள் பாதி போய்விட்டன. கஞ்சியே கதி. நாங்கள் எடுத்தனுப்பிய அச்சுக்கு, ஜேர்மனியிலிருந்த தம்பி டைட்டேனியத் தகட்டில் பல் கட்டுவித்து வவுனியா வரை சேர்ப்பித்திருந்தார். பயண அனுமதிப் பாஸ் எடுத்துப் போய் அக்காவே வாங்கிவந்தார். உலோகம் என்று இராணுவச் சோதனையில் பறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அதை வாயில் மாட்டிக்கொண்டே வந்தார். ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு. அது வழியெல்லாம் அறுத்திருக்கிறது. கழற்றியபோது வாய் நிறைய இரத்தம்.

பிசிறை எடுத்தேன். ஆனாலும் வீங்கிய பல் முரசில் தகடு திரும்ப ஏறவில்லை.

“வீக்கம் வத்தட்டும் அக்கா. ஒரு கிழமை கழிச்சு வாங்கோ.”

“ஒரு கிழமையில நீங்கள் எங்க, நான் எங்க? இப்பவே தேய்ச்சுத் தாங்கோ தங்கச்சி.”

ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. எங்கள் சாமான்களையும் பெட்டியில் கட்டியாகிவிட்டது. டொக்டரும் “தேய்ச்சுக் குடும்” என்றார்.

டைட்டேனியம் பிடிவாதம் பிடித்த சாமான். அழுத்தினால் சூடேறி நீலம் பாயும், துகள் அப்பிச் சாணைக் கல் வழுக்கும். பட்டும் படாமலும் தேய்க்கவேண்டும். வெள்ளைப் பொறி பறக்க மிதித்தேன். இடையில் குண்டுபோடும் பொம்மர் இரைந்தது. தகட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு அக்காவோடு பதுங்குகுழியில் இருந்துவிட்டு, வந்து மறுபடி மிதித்தேன். பின்னேரம் தகடு ஏறியது. அக்கா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளே எல்லோரும் திக்குத் திக்காகப் போனோம்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு முகாமில் கஞ்சி வரிசையில் அவரைக் கண்டேன். கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது. வீக்கம் வற்றியதும் தகடு ஆடத் தொடங்கி, கதைத்தாலே விழுகிறதாம். தேய்த்ததைத் திருப்பி ஒட்ட முடியுமா?

அவர் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துத் தகட்டைக் காட்டினார்.

“முகாமுக்கு வரேக்க ஆமிச் சோதனையில வாயைத் திறந்து காட்டேக்க மட்டும் அசையாமல் இருந்தது தங்கச்சி.”

பிறகு அதைத் திரும்ப முடிந்துகொண்டு, கஞ்சிக்குச் சட்டியை நீட்டினார்.