மச்சானின் தோளும் என் முழங்காலும்

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது மலையில் வழுக்கி என் முழங்கால் கெட்ட அதே மாதத்தில், உரமூட்டை தூக்கப்போய் என் மனைவியின் தம்பிக்குத் தோள் கழன்றது. ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. தோட்டத்தில் லேசான வேலை என்று இருந்தது ஒன்றுதான், ஃபெக்டரி கேட்டில் உட்காரும் வேலை. இருவரும் அதைக் கேட்டிருந்தோம்.

இருவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எனக்குப் பதுளையில் அரை மணி நேரத்தில் முடிந்தது. அவனைக் கொழும்புக்கு அனுப்பி, தோள்மூட்டுக்குள் ஊசியால் மருந்து விட்டு எடுத்தார்கள்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கே அவன் படத்தைக் கொண்டுவந்தான். எல்லோரும் அதை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். மூட்டுக்குள் பளீரென்று வெள்ளை.

“வெள்ளை இம்புட்டு இருக்கே, தோள் வருத்தம் பெருசுதான்” என்றார் கணக்கப்பிள்ளை. பிறகு நான் கொண்டுபோயிருந்த உறையிலிருந்தும் ஒரு படத்தை உருவினார். “ஒங்களுக்கு இருட்டாத்தானே கெடக்கு?”

“கரண்டு போன நேரம் பாத்து அண்ணன எடுத்துட்டாங்க போல” என்றாள் கொழுந்து பறிக்கும் ஒருத்தி.

நானும் சேர்ந்து சிரித்தேன். அவனுக்குக் கொழும்பு, ஊசி, மருந்து. எனக்கு வெறும் படம். “தம்பிக்கு நல்ல ஸ்கேனா எடுத்திருக்காங்க” என்று மனைவி சொன்னபோது பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

டாக்டரிடம் வாய் திறந்து எதுவும் கேட்டுப் பழகாதவன் நான். அடுத்த கிளினிக்குக்குப் போகையில், பெரகலையில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படியோ கேட்டும்விட்டேன்.

“எனக்கும் மருந்து விட்டு எடுங்க ஐயா.”

டாக்டர் சிரிக்கவில்லை. நாங்கள் பெரட்டில் பார்த்த படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். “இது எலும்போட அமைப்பப் பாக்குற படம். இதுல தண்ணி கறுப்பாத்தான் தெரியும்.” அடுத்ததை மாட்டினார். “இதுல கொழுப்ப மறைச்சிருக்கு. தண்ணி மட்டும் வெள்ளையா தெரியும், பாருங்க.”

என் முழங்காலுக்குள்ளும் வெள்ளை இருந்தது.

“தோளுக்குள்ள ஜவ்வு எலும்போட ஒட்டிக் கெடக்கும். மருந்து விட்டு விரிச்சாத்தான் சின்னக் கிழிசல் தெரியும். ஒங்களுக்குத்தான் ஏற்கனவே தண்ணி கோத்திருக்கே, அதுவே கிழிசலக் காட்டிருச்சு. ஊசி எதுக்கு?”

மேடு ஏறக் கூடாது என்று கடிதம் கொடுத்தார். மச்சானுக்கு ஆபரேஷன் என்று முடிவானதால் கேட் வேலை எனக்கு வந்தது. அப்போதும் என் மனம் ஆறவில்லை. அவனைப் பார்க்க லயமே ஆப்பிளும் பிஸ்கட்டுமாகப் போனது.

கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு ஒருநாள் அவன் கேட்டுக்கு வந்தான்.

“குடுத்து வச்சவரு மச்சான் நீங்க. ஒரு ஊசி இல்லாம வேலைய வாங்கிட்டீங்க. அந்த ஊசி வலியில நான் ரெண்டு நாள் அழுதேன், அக்காகிட்டகூட சொல்லல.”

பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, அவன் வலிக்காத கைப் பக்கம் இடம் விட்டேன்.