வெள்ளவத்தைத் தலைமை அலுவலகம்

ஒன்பது மணிக்குக் கனகசபாபதி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "பிள்ளை, போனைக் கீபோர்டுக்குக் கிட்ட வை" என்பார். பருத்தித்துறையில் நேசமலர் வைப்பாள். டொக் டொக்கென்று கேட்டால்தான் அவள் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. வரவு இடாப்பில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு விழும்.

போன கிழமை டொக்குக்குப் பதிலாக வேறொன்று கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"ஷெல், சேர்."

"அது கேக்குது. கீபோர்ட் கேக்கேல்லையே?"

கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில், அவருடைய படுக்கையறையின் பாதிதான் தலைமை அலுவலகம். மற்றப் பாதியில் மனைவி பாலேஸ்வரி உடுப்பு மடிப்பார். சுற்றிவர முளைக்கும் தொடர்மாடி வீடுகளுக்குக் கட்டடப் படம் வரைவது இந்த அலுவலகந்தான், அதாவது, நேசமலர்தான். எந்த ஒழுங்கையில் எந்த யன்னலால் கடல் தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. வெள்ளவத்தையை அவள் கண்டதில்லை.

கொழும்புப் படவரைஞர் ஒருவரின் சம்பளத்தில் மூன்றிலொன்று அவளுக்கு. "அங்க என்ன செலவு? கிணத்தில தண்ணி, முத்தத்தில முருங்கை." யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு அங்கே சீனியும் மாவும் விற்கும் விலையைப் பத்திரிகையில் வாசித்து, அரசாங்கத்தை மனமாரத் திட்டுபவரும் இவரேதான்.

காலை ஆறரைக்கு அவருக்கும் ஓர் அழைப்பு வரும். கனடாவிலிருந்து மைத்துனர் ஸ்ரீஸ்கந்தராசா. அங்கத்தைய வீட்டுப் படங்களும் மலிவாக வரைவதற்கு இங்கேதான் வருகின்றன. "ஏன் மச்சான் லேற்? கொழும்பில உமக்கென்ன செலவு, சோறும் சம்பலுந்தானே?" போனை வைத்துவிட்டுக் கனகசபாபதி பொருமுவார்: "தூரத்தில இருந்தா மனுசனில்லையோ?" பொருமல் அடங்க ஒன்பது மணியாகும். பாலேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்து, "பிள்ளைக்கு எடுக்கேல்லையோ?" என்பார்.

நேசமலர் மின்னஞ்சலில் அனுப்பும் எதையும் அவர் திருத்தாமல் திருப்பியதில்லை. பிழை அகப்படாவிட்டால் ஒரு கதவை மூன்று அங்குலம் தள்ளிவைப்பார். மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். "மனேஜ்மென்ட் எண்டா அதுதான்."

மூன்று மாதமாக அவள் ஒரு கடிதம் கேட்கிறாள். கொழும்பில் வேலை இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தால்தான் ஊரைவிட்டு வெளிக்கிட இராணுவத்திடம் பாஸ் கேட்கலாம். "ராவில நாய் குரைச்சா, ஆரைப் பிடிக்க வருகினமோ எண்டு வீட்டில ஒருத்தருக்கும் நித்திரையில்லை, சேர். அங்க வந்தும் இதே வேலையைத்தானே செய்வன்."

அதே வேலைதான். அதே சம்பளமாக இராதே. "இங்க ரவுண்டப், செக்கிங் எண்டு ஒரே கரைச்சல், பிள்ளை. பாப்பம்" என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று படம் வரவில்லை. கடிதமே வந்தது. படத்துக்குப் போடும் சட்டத்துக்குள், அளவு பிசகாமல், அவளே அடித்திருந்தாள்: 'எமது ஊழியர் செல்வி நேசமலர் எமது கொழும்பு அலுவலகத்தில் நிரந்தரமாகப் பணியாற்ற வரவேண்டியுள்ளது.' கீழே ஒப்பத்துக்கு ஒரு கோடு. முத்திரைக்கு ஒரு வட்டம்.

"வையுங்கோ ஒப்பத்தை" என்றார் பாலேஸ்வரி, மடித்த சேலையை மடியில் வைத்தபடி. "ஹோலில ஒரு பாய் போட்டா அவளும் படுப்பாள்."

கனகசபாபதி அதை அச்செடுத்து இரண்டு தரம் வாசித்தார். பிழை தேடினார், இல்லை. ஒப்பம் வைத்தார். முத்திரையை ஊதி, வட்டத்துக்குள் பிசகாமல் குத்தினார். கடிதத்தைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப மேசையில் வைத்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, 'நிரந்தரமாக' என்பதை ஒரு கோட்டால் வெட்டி, அதற்கு மேலே 'இரண்டு கிழமைக்கு' என்று எழுதினார்.