டைனோசருக்கு முன்னால் செல்வி அக்கா

இன்று தேயிலை எஸ்டேட் லீவு. பந்தலூரிலிருந்து வேன் பிடித்து, ஊட்டியில் போட் ஹவுஸ் முடித்து டைனோசர் மியூசியத்துக்குப் போனோம்.

மோட்டார் வைத்த டைனோசர் ஒன்று தலையாட்டி உறுமியது. எல்லோரும் கத்திக்கொண்டே செல்போனைத் தூக்கினார்கள்.

என்னோடு எஸ்டேட்டில் வேலை செய்யும் செல்வி அக்கா மட்டும் என் கையைப் பிடித்தார். "ஓடாத. சத்தம் போடாத. மெல்லப் பின்னால வா."

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் பக்கம் யானை வந்தால் நாங்கள் அப்படித்தான் நகர்வோம். பக்கத்தில் நின்ற டூரிஸ்டுகள் சிரித்தார்கள். போன வருடம் அக்காவின் வீட்டுக்காரரை யானை மிதித்துக் கொன்றது அவர்களுக்குத் தெரியாது.

அக்கா காவலாளியிடம் கேட்டார். "இது எத்தன பேரக் கொன்னுச்சுங்க?"

"மனுசன் வர்றதுக்கு முன்னாடியே இதெல்லாம் செத்துப்போச்சுங்க."

"அப்ப யாரையும் கொல்லல" என்றவர், அதன் காலடியில் போய் நின்றார். "ஒரு போட்டோ எடு."

சிரித்தவர்களே, ஒரு சாயங்காலம் எங்கள் லயத்துக்கு வாருங்கள். டிக்கெட் கிடையாது.