மாஸ்தர் கொடுக்காத வாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் கிடையாது. சாயா மட்டும் உண்டு. வேலை என்ன தெரியுமா? தாராவியில் ஒரு தேர்தல் கூட்டத்தில் மேடைமேல் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளரை வேவு பார்ப்பது!

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆபீஸில் எனக்கு எதிர் மேஜையில் தாம்லே என்று ஒரு மராத்தி நண்பர் இருக்கிறார். அவருடைய அண்ணன் எம்.எல்.ஏ. தாராவி அவர் தொகுதியில் வருகிறது. மறுபடி தேர்தல் வருகிறதல்லவா... சனிக்கிழமை தாம்லே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு மராத்தியும் வரும், தமிழும் வரும். நாளைக்கு என் அண்ணன் பக்கத்தில் உட்கார். அவர் மராத்தியில் பேசுவார். எஸ்தர் பாய் அதைத் தமிழில் சொல்வாள். அவள் என்ன சொல்கிறாள் என்று நீ அண்ணன் காதில் மராத்தியில் சொல்ல வேண்டும்."

"அவர் பேசியதை அவருக்கே திருப்பிச் சொல்வதா? எதற்கு?"

தாம்லே பெருமூச்சு விட்டார். "போன தேர்தலில் பட்டது போதும்."

அந்தக் கதையை அவரிடம் கேட்டேன். பிறகு அந்த எஸ்தர் பாயிடமும், அதாவது நம் எஸ்தர் அம்மாளிடமும், கேட்டேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போயிற்று. தேர்தல் சமாசாரத்தில் இதுவே ஓர் அதிசயம்தான்.

அண்ணனை எல்லோரும் மாஸ்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். மில் தொழிலாளிகளுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்தியவர். பகலில் அவரே ஒரு மில்லில் குமாஸ்தா. மீசை முளைக்காத வயதில் கொங்கணத்திலிருந்து ஸ்டீமர் ஏறி வந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்கும் போய்விட்டு வந்தார். "இந்த மதராஸிகள் வந்து அடைந்துவிட்டார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால், "நான் மட்டும் இங்கேயே முளைத்தேனா? நானும் கப்பலில் வந்து இறங்கியவன்தான்" என்று வாயை அடைத்துவிடுவார். கட்சி கிடையாது. சுயேச்சை. ஏணிச் சின்னம்.

எல்லாம் சரி. ஆனால் அரசியல்வாதிக்கு வரவே கூடாத ஒரு வியாதி அவருக்கு இருந்தது. வாக்குறுதி கொடுக்க மாட்டார்!

கொள்கையாம். "முடியுமா என்று தெரியாததைச் செய்கிறேன் என்று சொன்னால் அது பொய். பொய்யைக் கொடுத்து ஓட்டு வாங்கினால் அது திருட்டு." மேடைக்கு மேடை இதையே பேசினார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள். முதல் தேர்தலில் டெபாசிட் போயிற்று.

மனிதர் அசரவில்லை. மகாராஷ்டிரம் தனி மாநிலமான பிறகு வந்த தேர்தலில் மறுபடியும் நின்றார். அப்போதுதான் தாராவியில் அந்தக் கூட்டம் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் நிறைந்த ஒரு சந்து. வழக்கமாக மராத்திப் பேச்சைத் தமிழில் சொல்லும் தோல் கிடங்கு மேஸ்திரிக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு யாருக்கு மராத்தி வரும் என்று தேடியதில், எஸ்தர் அம்மாளைப் பிடித்து மேடையேற்றினார்கள்.

எஸ்தர் அம்மாள் முனிசிபல் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. ஊர் நாசரேத் பக்கம். மராத்தி முழுவதும் வார்டில் கற்றதுதான். வலியில் துடிக்கும் பெண்களைப் பார்த்து "ஜோர் லாவா!" — முக்கு, நல்லா முக்கு — என்று நாளெல்லாம் அதட்டிப் பழகிய குரல். அதற்கு மைக்கே வேண்டாம்.

அந்தச் சந்துக்கு அப்போது குழாய் கிடையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டைத் தாண்டி, அடுத்த பேட்டைக் குழாயில் நிற்க வேண்டும். அந்தப் பேட்டைக்காரிகள் மனசு வைத்தால் தண்ணீர். இல்லாவிட்டால் வசவு.

மாஸ்தர் எழுந்தார். "சகோதரிகளே, உங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் கார்ப்பரேஷன் விஷயம். நான் நிற்பது சட்டசபைக்கு. குழாய் போட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னால் அது பொய்."

எஸ்தர் அம்மாள் கூட்டத்தைப் பார்த்தார். பாதிப் பேர் இடுப்பில் குடத்தோடு நிற்கிறார்கள். சிலர் மெல்ல நகர ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏ, நில்லுங்க! எங்க போறிய? ஐயா என்ன சொல்லுதாவன்னா... அடுத்த மழைக்கு முன்ன நம்ம சந்துக்குள்ள குழாய் வந்துரும்னு சொல்லுதாவ!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்களாம்.

மாஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. இருக்காதா? பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னதற்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் கை தட்டுகிறது! அடுத்த கூட்டத்திலிருந்து இதையே சொல்லிப் பூரித்தார். "தாராவித் தமிழர்களைப் பாருங்கள். உண்மையின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!"

ஜெயித்தும் விட்டார். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான். அந்தக் கொஞ்சம் தமிழ் ஓட்டு என்று தாம்லேயே ஒப்புக்கொள்கிறார்.

நன்றி சொல்லச் சந்துக்கு வந்தார். முனையில் புத்தம் புதிதாக ஒரு சிமெண்ட் மேடை. மேலே கோலம். பக்கவாட்டில் சுண்ணாம்பில் ஏணிச் சின்னம். மாஸ்தர் உருகிப்போனார். "எனக்காகவா மேடை கட்டினீர்கள்?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஏறி நின்று, எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னே? அவர் நின்றது குழாயடி அல்லவா! சந்துக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தண்ணீர் வழிய வாட்டம் விட்டு, சாக்கடைக்கு வழி வைத்துக் கட்டிய குழாயடி. குழாய் ஒன்றுதான் பாக்கி.

தொண்டை சரியாகிவிட்ட மேஸ்திரி பவ்யமாக மராத்தியில் சொன்னார். "மாஸ்தர், நீங்கள் நிற்கிற இடத்தில்தான் குழாய் வரப்போகிறது. நீங்கள் வாக்குக் கொடுத்த குழாய்."

"நானா? எப்போது கொடுத்தேன்?"

எல்லோரும் எஸ்தர் அம்மாளைப் பார்த்தார்கள். மைக் வேண்டாத அந்த அம்மாள் மெல்ல மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"அப்ப அம்புட்டும் உன் சொந்தச் சரக்கா, அக்கா?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். அதோடு கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகு சந்தில் யாரும் எஸ்தர் அம்மாளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் வரிசையில் அவர் குடத்தைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் வைத்தார்கள். நடக்காத காரியம் எதுவானாலும் "எஸ்தரு குழாய்" என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். வேற்றூருக்குப் பிழைக்க வந்த இடத்தில் சொந்தச் சந்தே ஒதுக்கினால் எப்படி இருக்கும்? கேட்ட எனக்கே சங்கடமாக இருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வார்டுல வலி எடுத்துக் கத்துதவகிட்ட, 'இன்னா வந்துட்டு, தலை தெரியுது, ஒரே நிமிசம்'னு சொல்லுவோம் சார். தலை எங்க தெரியுது? ஒண்ணும் தெரியாது. ஆனா சொன்னா ஒரு தெம்பு வரும்லா? தெம்பு வந்தா பிள்ளையும் வந்துரும். அந்தப் பழக்கத்துல வாயில வந்துட்டு..."

அங்கே மாஸ்தர் வீட்டில் வேறு யோசனை நடந்துகொண்டிருந்தது. 'அதை நான் சொல்லவில்லை, மொழிபெயர்த்தவள் சொன்னாள்' என்று ஓர் அறிக்கை விட்டுவிடலாம் என்றார் தம்பி தாம்லே. நியாயந்தானே? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மாஸ்தர் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"வாக்கு அவளுடையது. ஒப்புக்கொள்கிறேன். கைதட்டலை யார் வாங்கிக்கொண்டது? நான். ஓட்டை யார் வாங்கிக்கொண்டது? அதுவும் நான். தமிழில் வாங்கிக்கொண்டதை மராத்தியில் இல்லை என்று சொல்லவா?"

தாம்லே இதைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. இப்படியும் ஒரு எம்.எல்.ஏ.!

மறுநாளே பிரசவ வார்டு வாசலில் போய் நின்றார் மாஸ்தர். "வாக்குக் கொடுத்தவளே, கிளம்பு."

அன்று தொடங்கி, கார்ப்பரேஷன் தண்ணீர் இலாகா பெஞ்சில் ஒரு எம்.எல்.ஏ.வும் ஓர் ஆயாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அந்த ஆபீஸே வேடிக்கை பார்த்தது. பெரிய குழாய் தூரத்தில் இருக்கிறது, சந்து மேட்டில் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அதிகாரி. போனார்கள். வந்தார்கள். மறுபடி போனார்கள். ஒருநாள் எஸ்தர் அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. மேஜையை ஒரு தட்டுத் தட்டி, வார்டுக் குரலில் போட்டார் ஒரு சத்தம்.

"ஜோர் லாவா, சாகேப்! ஜோர் லாவா!"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். சிரித்த மனிதர் பிறகு எத்தனை நாள்தான் விறைப்பாக இருக்க முடியும்? ஃபைல் நகர்ந்தது.

சொன்ன மழைக்குக் குழாய் வரவில்லை. அதற்கடுத்த மழைக்கு முன்னால் வந்துவிட்டது. முதல் தண்ணீர் வந்த அன்று எஸ்தர் அம்மாள் பழக்கதோஷத்தில் வரிசைக் கடைசியில் குடத்தோடு நின்றாராம். பெண்களே அந்தக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் முதல் குடமாக வைத்தார்கள். இதைச் சொல்லும்போது அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "எம்மாடி, நெறஞ்சு வழியுது, யாரும் எடுக்க மாட்டேங்கிறாளுவ... பாத்துக்கிட்டே நிக்கோம்!"

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அதே சந்து, அதே குழாயடிக்குப் பக்கத்தில் கூட்டம். மாஸ்தருக்குத் தலை நரைத்துவிட்டது. கொள்கை நரைக்கவில்லை. எழுந்தவுடன் ஆரம்பித்தார். "இந்தச் சந்தில் விளக்கு இல்லை. இருட்டில் பெண்கள் கக்கூஸுக்குப் போகப் பயப்படுகிறார்கள். ஆனால் விளக்கும் என் கையில் இல்லை. போட்டுத் தருகிறேன் என்று நான் சொல்ல மாட்டேன்."

எஸ்தர் அம்மாள் மைக்கைத் தள்ளி வைத்தார்.

"ஐயா வழக்கம்போல, ஒண்ணும் செய்ய மாட்டேங்காவ! போன தடவையும் இதத்தான் சொன்னாவ. குழாய் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு!" என்றது கூட்டம்.

"அப்ப வெளக்கும் வந்துரும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. மாஸ்தருக்கு இப்போது கண் கலங்கவில்லை. அனுபவசாலி அல்லவா? என் பக்கமாகக் குனிந்தார்.

"இப்போது நான் என்ன கொடுத்திருக்கிறேன்?"

"விளக்கு."

"எப்போதைக்குள்?"

"அதைச் சொல்லவில்லை."

"அப்பாடா. அவளுக்கும் அனுபவம் வந்துவிட்டது" என்று நிமிர்ந்தார். அதற்குள் எஸ்தர் அம்மாள் இன்னும் ஏதோ சொல்ல, மறுபடியும் கைதட்டல். மாஸ்தர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தீபாவளிக்குள்ளாம்" என்றேன்.

 பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, அந்தக் கைதட்டல் அடங்குகிற வரைக்கும் அப்படியே நின்றார்.

எங்கள் மாதுங்காப் பக்கம் நிற்கிற வேட்பாளர் தட்டுத் தடங்கல் இல்லாமல் நல்ல தமிழில் வாக்குறுதிகளை அள்ளி விடுகிறார். மொழிபெயர்க்க ஆளே தேவையில்லை... அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது!