பாலம் தாண்டாத கல்யாணம்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, செருப்பு நிறைய மணலோடு வீடு திரும்பினேன். கடற்கரையில் கல்யாணமா என்று கேட்காதீர்கள். ஜவ்வாது மலைப் பெண்ணுக்குக் கல்யாணம்!

ஆலங்காயத்தில் எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் புளி கொண்டுவருபவர் கோவிந்தன். மலைக்காரர். அவருடைய ஒரே மகள் லட்சுமிக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை சொந்தக்காரப் பையன், லாரி மெக்கானிக். லட்சுமிக்கும் அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை – பையன் பிழைக்கப் போன இடம் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

இதெல்லாம் ஒரு குறையா? மலையில் போய்க் கேட்டுப் பாருங்கள். மேயப்போன ஆடு காணவில்லையா... 'பாலம் தாண்டிடுச்சு' என்பார்கள். ஊரைவிட்டுப் போனவன் திரும்பவில்லையா... 'பாலம் தாண்டிட்டான்.' பாலத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். அதைத் தாண்டிப் பெண் கொடுக்கும் வழக்கமே கிடையாது.

"பாலம் தாண்டினா எம் பொண்ணு திரும்பி வர மாட்டா சார்" என்று என்னிடமே புலம்பினார் கோவிந்தன். லட்சுமியோ சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைசியில் அவர் மனைவி பச்சையம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பாலத்து மேல போனாத்தானய்யா தாண்டினது? ஆத்துல இன்னா தண்ணியா ஓடுது? எறங்கி நடந்து போலாம்."

அப்படியே நடந்தது! கல்யாண பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. மணப்பெண், சீர்த்தட்டு, மேளக்காரர்கள், நான் – எல்லாரும் இறங்கிக் கொதிக்கிற மணலில் நடந்தோம். காலி பஸ் ஜம்மென்று பாலத்து மேல் போனது. டிரைவர் வேறு ஹாரன் அடித்து எங்களைக் கேலி செய்தார்.

கோவிந்தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அக்கரை ஏறியும் விடவில்லை.

"வுடுப்பா... எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் லட்சுமி. சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. அதுவரை சிரித்துக்கொண்டு வந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே பாலத்தைக் கடந்தோம். கோவிந்தன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம மறுவூட்டுக்கு வர்றாங்க இல்ல? அழுவாதய்யா" என்றார் பச்சையம்மா.

கோவிந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"பஸ்ஸுலயே பாலத்து மேல வரச் சொல்லு. புள்ளைக்கு மணல்ல கால் சுடும்."