டேக் ஆஃப் ப்ளீஸ்

தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் எங்களுக்கும் சீசன்தான். பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் ஈரத் துணியோடு வந்து நிற்பார்கள். தமிழ் தெரியாதவர்களிடம் கையை ஆட்டிப் பேசியே எனக்குச் சுளுக்கு விழும் போலிருந்தது. அந்த எரிச்சலில்தான் போனில் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வாரமே ‘டேக் ஆஃப்’ வந்தது. சட்டை, ஷூ, மோதிரம், எல்லாவற்றுக்கும் அதே சொல். என் வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தி, “டேக் ஆஃப் யுவர் ஹெல்மெட்” என்றேன்.

“ஏட்டி, முதல்ல சோத்தைப் போடு” என்றார்.

அந்த வாரமே வடக்கிலிருந்து வந்த ஒருத்தியை அழைத்து வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். அருவிக்கரையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே விழுந்திருக்கிறார்கள். இவளுக்கு நெஞ்சில் அடி. அவர் மாடியில் ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்தார்.

அவள் கழுத்தில் கருகமணித் தாலி. கழற்றாவிட்டால் படத்தில் விழும். அதைக் காட்டி, “டேக் ஆஃப் ப்ளீஸ்” என்றேன். தப்பில்லாமல் சொல்லிவிட்ட பெருமை வேறு.

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். “ஹஸ்பெண்ட்... ஐசியூ...” என்று அழுதாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்மூர்ப் பெண் எவளிடமும் தாலியைக் கழற்று என்று நான் சொன்னதே இல்லை. மேசை டிராயரில் விரலி மஞ்சள் கோத்த சரடு எப்போதும் இருக்கும். “இதைக் கட்டிக்கிட்டு அதை மாத்திக்கிடுங்க அக்கா” என்பேன். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. இங்கிலீஷ் வாயில் வந்ததும் அந்த அறிவு எங்கே போயிற்று என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஒரு சரடை எடுத்து நீட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. என் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். பிறகு சரடைக் காட்டி, “முதல்ல இது. அப்புறம் அது” என்று தமிழிலேயே சொன்னேன்.

என் கழுத்தையும் சரடையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். வலியில் கையைத் தூக்க முடியவில்லை. முன்பக்கமாகவே மூன்று முடிச்சும் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கருகமணியின் கொக்கியை முன்னால் இழுத்துக் கழற்றினாள்.

வைப்பதற்கு ட்ரேயை நீட்டினேன். அவள் என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று, அந்தக் கையை அவள் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அவள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் நின்றாள், என் கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.