நான் எழுதிக்கொடுத்த அப்பா

குடிக்காத ஒரு மனிதரை நான் குடிகாரராக்கினேன். ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கத்தில், ஒரே மாலையில்.

ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேல் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு கணியம்பாடியில் இருக்கிறேன். என்னிடம் படித்த மலைப் பெண் ஒருத்தி வேலூரில் தாவரவியல் முதுகலை சேர்ந்திருந்தாள். ஜெர்மனியில் ஒரு வருடம் உதவித்தொகையோடு படிக்க வாய்ப்பு வந்தது. விண்ணப்பத்தோடு, தன்னைப் பற்றியும் ஏன் வர விரும்புகிறாள் என்பது பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும். அவளே எழுதி என்னிடம் திருத்தக் கொண்டுவந்தாள். அப்பாவின் நிலத்தில் ஒரு வருடம் சாமைக் கதிர் முழுக்கப் பதராய்ப் போனது, அது ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான் கட்டுரை.

"இதுல மனச உருக்குற மாதிரி ஒண்ணும் இல்லியேம்மா" என்றேன். "வச்சிட்டுப் போ. நான் பார்த்துக்குறேன்."

அன்று மாலையே வேறொன்று எழுதினேன். அதில் அப்பா தினமும் குடித்துவிட்டு வருவார். மகளின் புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போடுவார். பதினான்கு வயதில் கல்யாணம் பேசுவார். அப்போது ஓர் ஆசிரியர் மலையேறி வந்து அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்தப் பெண்ணை மீட்பார். அந்த ஆசிரியர் நான்தான். நடக்காத ஒன்றில் என்னை நானே நல்லவனாக எழுதிக்கொண்டேன். எல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் படித்துவிட்டு, "எங்கப்பா இப்பிடி இல்லியே சார்" என்றாள்.

"அங்கேர்ந்து யாரு வந்து பார்க்கப் போறாங்க? சீட்டு கிடைக்கணுமா வேணாமா?"

அவள் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண், தனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனிடம் என்ன சொல்வாள்?

அவள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, விண்ணப்பத்தில் அவள் கையெழுத்தும் அப்பாவின் கையெழுத்தும் வாங்க மலைக்குப் போனேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டுரைத் தாளைத் தொட்டுக் காட்டினார்.

"இதுல இன்னா சார் எழுதிக்கீது? எனக்கும் புரியற மாதிரி படிச்சிக் காட்டுங்களேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஆங்கிலத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைத் தமிழில் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்தபோது மகளைத் தோளில் உட்காரவைத்து அக்கரை சேர்த்த அப்பா. பரீட்சை முடியும்வரை பள்ளிக்கு வெளியே ஈரத்துண்டோடு நின்ற அப்பா. எல்லாம் உண்மை. என் கண்ணால் பார்த்தது. தாளில் மட்டும் இல்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போங்க சார், அதெல்லாமா எழுதுவாங்க!" என்று சிரித்தார். மகள் வாசற்காலில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த எங்கள் நால்வரில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தார். நான் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இடம் கிடைத்தது. வேலூர் கடைவீதியில் அவளுக்கு ஸ்வெட்டர் எடுத்தோம். விமான நிலையத்தில் எப்படி நடந்துகொள்வது, அங்கே யாரிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம், வெளிநாட்டையே பார்க்காத நான் அவளுக்கு விலாவாரியாகச் சொன்னேன்.

முதல் மாதம் தொலைபேசியில் குளிரைப் பற்றிச் சொன்னாள். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாள். ரொட்டியைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது, பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று சிரித்தாள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வேறு.

"சார், இங்க எல்லாரும் எங்கிட்ட ரொம்ப அன்பா கீறாங்க. அதான் தாங்க முடியல."

"அன்பா இருந்தா நல்லதுதானேம்மா?"

"பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனேன். நான் உள்ள போனதும் பாட்டிலெல்லாம் எடுத்து ஒளிச்சிட்டாங்க சார். எங்கப்பா ஞாபகம் வந்து நான் பயந்துடுவேனாம். ஒருத்தி கட்டிப் புடிச்சி அழுவுறா. நான் இன்னான்னு சொல்றது?"

அந்தக் கட்டுரையை அவள் படத்தோடு பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். போடலாமா என்று கேட்ட விண்ணப்பக் கட்டத்தில் 'ஆம்' என்று குறியிட்டவனும் நான்தான். வேலூரில் அவளோடு படித்தவர்கள் அதை வாட்ஸ்அப்பில் பரப்பத் தொடங்கியிருந்தார்கள்.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி."

"நாளைக்கே போறேன்" என்றேன்.

போகவில்லை. முழங்கால் வலி என்றேன். மழை என்றேன். மலைக்குப் போகும் அமிர்தி பஸ் சரியான நேரத்துக்கு வருவதில்லை என்றேன். பதினோரு நாட்கள் போயின. அதற்குள் அவர்கள் ஊர்ப் பையன் ஒருவனின் செல்போன் என் ஆங்கிலத்தை ஒரு நொடியில் தமிழாக்கிவிட்டது. அவள் அப்பாவுக்கு நான் செய்யாததை அது செய்தது.

பன்னிரண்டாம் நாள் போனேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் வேண்டுமென்றே குரலை உயர்த்தினார்கள்.

"இன்னா மச்சான், மாமா வூட்டுக்கு ஒரு கோட்டர் வாங்கினு போலாமா?"

"திருவிழாவுலயே சோடா குடிக்கிற மனுசன்டா அவுரு. பொண்ணு ஜெர்மனிக்குப் போனதும் சரக்குக்கு மாறிட்டாரு போல."

வீட்டு வாசலில் அவர் மனைவி புளி உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"வாங்க சார். குடிகாரன் வூட்டுக்கு வழி தெரிஞ்சிதா?"

நான் நின்றேன். வழக்கமாகப் போடும் நாற்காலியை அவர் போடவில்லை. உள்ளேயிருந்து கணவர் வந்து அவரே நாற்காலியை எடுத்து வைத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தப்பு என்னுடையது, மகளுடையது அல்ல என்று சொன்னேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொன்னா, அவள திருப்பி அனுப்பிடுவாங்களா சார்?" என்று கேட்டார் அவள் அப்பா.

"அனுப்பலாம். பொய் எழுதினதுக்கு உதவித்தொகையை நிறுத்தலாம்."

அவர் குனிந்து, தரையில் சிதறிய புளியங்கொட்டைகளைப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"அப்ப எழுதாதீங்க. ஒரு வருசந்தானே. அதுவரிக்கும் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்."

"இவுரு சொல்லுவாரு. ஊர்ல தலை காட்டுறது யாரு?" என்றார் மனைவி. கணவர் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அது இல்லாட்டிப் போனா எம் பொண்ணுக்கு இடம் கிடைச்சிருக்காதா சார்?"

எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. அவள் எழுதிய சாமைக் கட்டுரையை நான் அனுப்பவே இல்லையே. அதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னேன். அப்பா வேண்டாம் என்கிறார் என்றேன். நீ சரி என்றால், பழியை என்மேல் போட்டு நானே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேணாம் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இந்த வாட்டி நானே எழுதுறேன். நீங்க திருத்தவும் வேணாம்."

போன திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று மாலை அவள் அப்பா எனக்கு போன் செய்தார். "அனுப்பிட்டாளாம் சார்" என்றார். பிறகு, "திருப்பி அனுப்பிடுவாங்களா சார்?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார். அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததே கிடையாது, ஓடையில் தண்ணீர் மார்பளவு போனபோதுகூட. பதில் இன்னும் வரவில்லை.